மதங்க மலை விடியல்: பத்து ஃப்ரேம், ஏழு தூசி, ஆறடி பிரிண்ட்

அக்கா ஓசூரில் புது வீட்டுக்குக் குடிபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஹாலில் சோபாவுக்கு மேலே எட்டடிச் சுவர் வெறுமையாகக் கிடந்தது. "கடையில வாங்கி மாட்டற படம் வேணாம்டா. நீ எடுத்ததா, நாம போன இடமா இருக்கணும்" என்றாள். பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து ஹம்பி போவதாக ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். அப்போதே முடிவு செய்துவிட்டேன். அங்கே மதங்க மலை உச்சியிலிருந்து விடியலைப் பல படங்களை ஒட்டிய நீளமான பனோரமாவாக எடுத்து, ஆறடிக்குப் பிரிண்ட் போட்டு அந்தச் சுவரில் மாட்டுவது.

படம் எடுக்க ஆனது ஒரு நிமிடம்கூட இல்லை. அது சுவருக்கு வந்து சேர ஏழு வாரம் ஆனது. நடுவில் எங்கெல்லாம் தடுக்கியது, எதை எப்படிச் சரிசெய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். பயணம் போய்ப் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து ராத்திரி உட்கார்ந்து எடிட் செய்கிறவர்களுக்கு இதில் ஒன்றிரண்டாவது உதவும்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5600. கூடவே வந்த 18-55 லென்ஸ், தூரத்தில் இருப்பதை எடுக்கத் தனியாக வாங்கிய 70-300 லென்ஸ். தொல்லியல் துறையின் சின்னங்களில் முக்காலி வைத்து எடுக்க முன் அனுமதி வேண்டும் என்பதால் முக்காலியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். எல்லாமே கையில் பிடித்து எடுத்தவைதான்.

ஆற்றங்கரையில் செய்த தப்பு

விடிகாலை ஓசூரிலிருந்து கிளம்பி பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹொசபேட்டை வழியாக மதியத்துக்கு மேல் ஹம்பி சேர்ந்தோம். வண்டி ஓட்டியது மாமா. சாப்பிட்டுவிட்டு நேரே துங்கபத்திரைக் கரைக்குப் போனோம். சக்கரதீர்த்தத்துப் பக்கம் பரிசல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் ஒரு பாறைமேல் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. அவசர அவசரமாக 18-55ஐக் கழற்றி 70-300ஐ மாட்டினேன். ஆற்றுக் காற்று மணலோடு வீசிக்கொண்டிருந்தது. கேமரா வாய் மேலே பார்த்தபடி திறந்து கிடந்தது பத்து விநாடி இருக்கும். நீர்க்காகம் பறந்துவிட்டது. திரும்பவும் லென்ஸை மாற்றினேன், இன்னொரு பத்து விநாடி. ஏழு வாரத்தில் இரண்டு வாரத்தைத் தின்றது அந்த இருபது விநாடிதான் என்று அப்போது தெரியாது.

சாயங்காலம் ஹேமகூட மலை. மலை என்று பேர், ஏறுவதற்குப் பெரும்பாறைச் சரிவுதான். மேலிருந்து பார்த்தால் விருபாட்சர் கோயிலின் கிழக்குக் கோபுரம் சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். வானம் அடர் நீலமாக வரட்டும் என்று போலரைசர் ஃபில்டரை மாட்டி எட்டு ஃப்ரேம் எடுத்தேன். இரவு அறையில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், கோபுரத்துக்குப் பக்கத்து வானத்தில் கறுநீலமாக ஒரு பட்டை, இரண்டு பக்கமும் வெளிறிப் போயிருக்கிறது. சூரியன் இருக்கும் திசைக்கு 90 பாகையில் உள்ள வானத்தில்தான் போலரைசர் அதிகம் வேலை செய்யும். ஒற்றைப் படத்தில் அது அழகு. வானத்தின் பாதியை வளைத்து எடுக்கும் பனோரமாவில் அது கறையாகத் தெரிகிறது. கிரேடியன்ட் போட்டு சமப்படுத்தப் பார்த்தேன், பட்டையின் ஓரங்கள் இன்னும் அசிங்கமாகத் துருத்தின. அந்தப் படத்தை அன்றைக்கே கைவிட்டேன். ஒரு நல்லது, மறுநாள் விடிகாலைக்கு முன்பே பாடம் கிடைத்தது. போலரைசரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.

உச்சியில்

மதங்க மலைக்கு இருட்டில் தனியாகப் போகக் கூடாது என்று தங்கிய வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். அங்கே தங்கியிருந்த இன்னும் நாலு பேரோடு சேர்ந்து ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். கல்லில் வெட்டிய படிகள், சில இடங்களில் பாறையைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அக்கா மூச்சு வாங்க வாங்க ஏறினாள். உச்சியில் வீரபத்திரர் கோயில். அதன் மேல்தளத்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் கீழே வாழைத்தோட்டங்களுக்கு மேல் பனி படர்ந்திருப்பது தெரிந்தது. அப்புறம் வடக்கே நேர் கீழே அச்சுதராயர் கோயில், அதன் பிராகாரச் சுவர்கள், அதன் வாசலிலிருந்து ஆற்றை நோக்கி நீளும் பழைய கடைத்தெரு. 1534இல் திருவேங்கடநாதருக்கு எடுத்த கோயில் அது. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு, விஜயநகரத் தலைநகராக இருந்த இந்த ஊரே பாழானது. தெருவின் இருபுறமும் இப்போது வெறும் கல்தூண் வரிசைகள்தான். மேற்கே தூரத்தில் விருபாட்சர் கோபுரம். கிழக்கே, சற்றுத் தெற்குத் தள்ளி, சூரியன் வரப்போகும் இடம்.

என் கணக்கு இப்படி: 24 மி.மீ.இல் கேமராவை நெட்டாகப் பிடித்தால் ஒரு ஃப்ரேம் அகலவாக்கில் 36 பாகை பிடிக்கும். ஃப்ரேமுக்கு 20 பாகை திரும்பினால் பக்கத்து ஃப்ரேமோடு கிட்டத்தட்டப் பாதி ஒன்றின்மேல் ஒன்று விழும். பத்து ஃப்ரேமில் 216 பாகை. மேற்கே விருபாட்சர் கோபுரத்திலிருந்து கிழக்கே சூரியன் வரை அடங்கிவிடும். படுக்கையாகப் பிடித்தால் ஃப்ரேம் எண்ணிக்கை குறையும், ஆனால் உயரம் போதாமல் கீழே கோயிலோ மேலே வானமோ வெட்டுப்படும்.

எல்லாவற்றையும் கையால் பூட்டினேன். எக்ஸ்போஷரை ஆட்டோவில் விட்டால் சூரியன் பக்கம் இருண்டும் கோபுரத்தின் பக்கம் வெளுத்தும் போகும், ஒட்டும்போது வானம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/60, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப்/16. எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும். ஃபோகஸை ஒரு தரம் தூரத்துப் பாறையில் வைத்து மேனுவலுக்கு மாற்றினேன். எஃப்/16 எதற்கென்றால், சூரியன் பாறை விளிம்பில் பாதி தெரியும்போது சின்ன அப்பர்ச்சரில்தான் கதிர்கள் நட்சத்திரமாக விரியும். அந்த ஆசைதான் தூசியைக் காட்டிக் கொடுத்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

ஏழு மணி ஆகச் சில நிமிடம் இருக்கும்போது விளிம்பு பொன்னாகக் கசிந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். நான் இடமிருந்து வலமாகப் பத்து ஃப்ரேம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. முடித்ததும் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இதைச் செய்ததில் எனக்கு இன்றுவரை சந்தோஷம். சூரியன் முழுசாக மேலே வரும் வரை வெறும் கண்ணால் பார்த்தேன். பின்னால் நிறம் திருத்தும்போது எனக்கு உதவியது அந்தப் பத்து நிமிடம்தான்.

தலைகீழ்க் கோபுரம்

இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு விருபாட்சர் கோயிலுக்குப் போனோம். கருவறைக்குப் பின்பக்கம் ஓர் இருட்டு அறை. ஒரு பக்கச் சுவரில் சின்னத் துளை. அதன் வழியாக வரும் வெளிச்சத்தில் எதிர்ச்சுவரில் ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுகிறது. கலசம் தரையைப் பார்க்க, அடிப்பகுதி மேலே. அங்கிருந்த பெரியவர் அக்காவின் கையைச் சுவருக்கு முன்னால் நீட்டச் சொன்னார். கோபுரத்தின் உச்சி அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

லென்ஸ் கிடையாது, கண்ணாடி கிடையாது. கோபுர உச்சியிலிருந்து நேர்கோட்டில் வரும் ஒளி துளையைத் தாண்டிக் கீழே போகிறது, அடியிலிருந்து வருவது மேலே போகிறது. அவ்வளவுதான் சங்கதி. என் தோளில் தொங்கிய கேமராவுக்குள்ளும் நடப்பது அதேதான். மூன்று வாரம் கழித்து, இந்தச் சுவர் ஞாபகம் வந்துதான் ஒரு சிக்கல் தீர்ந்தது.

ஏழு புள்ளிகள்

ஊர் திரும்பி டார்க்டேபிளில் பத்து ராவையும் (கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்பு) திறந்தேன். இலவச மென்பொருள், ராவைத் திருத்த எனக்கு இதுவே போதும். முதல் பார்வைக்குப் பிரமாதம். 14 பிட் ராவில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 16,384 படிகள் இருக்கின்றன, ஜேபெக்கில் 256தான். அதனால் இருட்டில் கிடந்த வாழைத்தோட்டத்தை இரண்டு ஸ்டாப் (நாலு மடங்கு வெளிச்சம்) தூக்கியும் நிறம் சிதையவில்லை. அவசரத்தில் நேரே ஒட்டிப் பார்த்துவிடுவோம் என்று பத்தையும் ஹ்யூகின் என்ற, படங்களை ஒட்டும் மென்பொருளில் போட்டேன்.

ஒட்டிவந்த வானத்தில் ஓரம் மங்கிய சாம்பல் வட்டங்கள் வரிசை வரிசையாக ஊர்ந்தன. ஒரே அடையாளம், ஒரே உயரம், சம இடைவெளி. எறும்பு போன தடம் மாதிரி. ஒரு ஃப்ரேமைத் தனியாக எடுத்து டோன் கர்வில் கான்ட்ராஸ்டைக் கண்டபடி ஏற்றிப் பார்த்தேன். ஏழு புள்ளி. பத்து ஃப்ரேமிலும் அதே ஏழு, அதே இடங்களில். ஆற்றங்கரை மணல்.

தூசி உட்காருவது, படத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடித் தகட்டின்மேல். அப்பர்ச்சர் அகலமாகத் திறந்திருந்தால் ஒளி பல கோணங்களிலிருந்து வந்து அந்தத் தூசியைச் சுற்றிப் போய்விடும், நிழல் கரைந்துவிடும். எஃப்/16இல் ஒளி மெல்லிய கற்றையாக வருவதால் நிழல் திட்டமாக விழும். முந்தின நாள் சாயங்காலம் எஃப்/8இல் எடுத்ததில் புள்ளிகள் இருந்தும் கண்ணில் படாமல் போனது இதனால்தான்.

ஒட்டிய படத்தில் வானத்தில் மட்டும் ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்தேன். இரண்டு ராத்திரி போனது. ஃப்ரேம்கள் கலக்கும் இடங்களில் பாதிப் புள்ளி, கால் புள்ளி என்று வேறு இருந்தன. மூன்றாம் நாள்தான் உறைத்தது: தூசி எல்லா ஃப்ரேமிலும் ஒரே இடத்தில் இருக்கிறது என்றால், ஒட்டுவதற்கு முன்னால் ஒரு ஃப்ரேமில் திருத்திவிட்டு அந்தத் திருத்தத்தை மற்ற ஒன்பதுக்கும் நகலெடுத்தால் போதும். டார்க்டேபிளின் ரீடச் பகுதியில் ஹீல் கருவியால் ஏழு வட்டம் போட்டேன். அந்தத் திருத்த வரிசையை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் ஒட்டினேன். ஐந்து நிமிட வேலை.

அதிலும் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும். ஹீல் கருவி பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துத்தான் புள்ளியை மூடும். முதல் ஃப்ரேமில் அந்தத் துண்டு சுத்தமான வானமாக இருந்தது. ஆறாவது ஃப்ரேமில் அதே இடத்தில் மலை விளிம்பு வந்துவிட்டது, வானத்துக்கு நடுவில் பாறைத் துணுக்கு ஒன்று மிதந்தது. அப்படி மூன்று ஃப்ரேமில் மூலத்துண்டின் இடத்தை நகர்த்த வேண்டியிருந்தது. நகலெடுத்த பிறகு ஒவ்வொரு ஃப்ரேமையும் நூறு சதவீதத்தில் வைத்து ஒரு தரம் உருட்டிப் பாருங்கள்.

படம் சுத்தமானது, கேமரா சுத்தமாகவில்லை. அதையும் அந்த வாரமே செய்தேன். பேட்டரியை முழுசாகச் சார்ஜ் செய்துகொண்டு, மெனுவில் சுத்தம் செய்வதற்காக, சென்சாரை மறைத்து நிற்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் வசதியை இயக்கி, கேமரா வாயைக் கீழே பார்க்கப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் ஊதினேன். கேனில் வரும் காற்றை அடிக்கக் கூடாது, அதிலிருந்து தெறிக்கும் ஈரம் தகட்டில் கறையாகிவிடும். வாயால் ஊதவே கூடாது. ஊதி முடித்து எஃப்/22இல் வெள்ளைச் சுவரை, ஃபோகஸ் இல்லாமல், கேமராவைக் கொஞ்சம் ஆட்டியபடி எடுத்தேன். ஏழில் ஐந்து போய்விட்டது. இரண்டு போகவில்லை, படத்தில் இடது மேல் மூலையில்.

இடது மேல் மூலையைக் குறிவைத்து மறுபடி மறுபடி ஊதினேன். நாலு தரம். அந்த இரண்டும் அசையவில்லை. தகட்டைத் துடைக்கும் ஸ்வாபை எடுப்பதற்கு முன் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் விருபாட்சர் கோயில் சுவர் கண்முன் வந்தது. கலசம் கீழே, அடி மேலே. படத்தில் மேலே தெரிவது சென்சாரில் கீழே. கேமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது இடது வலது மாறுவதில்லை, மேல் கீழ் மட்டும்தான் மாறும். அதாவது நான் ஊத வேண்டியது இடது கீழ் மூலை. அங்கே டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். ஒரு நூல் மாதிரியும் ஒரு துகளும் பளிச்சென்று தெரிந்தன. துகள் ஊதலில் போனது. நூலுக்கு, என் கேமராவின் சென்சார் அளவான ஏபிஎஸ்-சி அளவு ஸ்வாபில் இரண்டு சொட்டு திரவம் விட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் ஒரு இழுப்பு. சுவர் படம் பால் மாதிரி வந்தது.

ஒட்டும் வேலை

பத்து ஃப்ரேமையும் 16 பிட் டிஃப் கோப்பாக வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றும் 140 எம்பிக்கு மேல். என் லேப்டாப்பில் ரேம் 8 ஜிபிதான், ஒரு தரம் ஒட்டி முடிக்க முக்கால் மணி நேரம். தப்பு தெரிய முக்கால் மணி, திருத்திப் பார்க்க இன்னொரு முக்கால் மணி. டீ போடப் போய் வந்தால் சரியாக இருக்கும்.

தூரத்தில் இருப்பதெல்லாம் அழகாகப் பொருந்தியது. காலடியில், இரண்டு மீட்டர் தள்ளியிருந்த பாறையின் விளிம்பு மட்டும் இரண்டாகத் தெரிந்தது. காரணம் நான் திரும்பிய விதம். கேமரா லென்ஸின் ஒரு குறிப்பிட்ட புள்ளியை அச்சாக வைத்துச் சுழல வேண்டும். நான் என் இடுப்பை அச்சாக வைத்துச் சுழன்றிருக்கிறேன், லென்ஸ் ஒரு முழத்துக்கு வட்டமடித்திருக்கிறது. தூரத்து மலைக்கு அந்த ஒரு முழம் கணக்கே இல்லை, பக்கத்துப் பாறைக்கு அது பெரிய இடமாற்றம். ஹ்யூகினில் மாஸ்க் வசதி இருக்கிறது. ஒரு ஃப்ரேமிலிருந்து மட்டும் அந்தப் பாறையை முழுதாக எடுத்துக்கொள், பக்கத்து ஃப்ரேமில் உள்ளதை விட்டுவிடு என்று வரைந்து சொல்லலாம். ஃப்ரேம்களைப் பொருத்த மென்பொருள் குறிக்கும் இணைப்புப் புள்ளிகளில், பாறையின்மேல் தவறாக விழுந்திருந்தவற்றையும் நீக்கினேன். விளிம்பு ஒன்றானது. அடுத்த முறை கையில் எடுக்கும்போது கேமராவை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றி நான் நகர்வதாக உத்தேசம்.

தொடுவானம் பாம்பு மாதிரி நெளிந்ததற்கு நேராக்கும் பொத்தான் பாதி உதவியது. மீதிக்கு, அச்சுதராயர் கோயில் மண்டபத் தூண்களில் செங்குத்துக் கோடுகளைக் குறித்துக் கொடுத்து மறுபடி கணக்கிடச் சொன்னேன். சிலிண்டரின் உட்சுவரில் ஒட்டி நிமிர்த்தியது போன்ற சிலிண்டர் வடிவ விரிப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஓரங்களை வெட்டிய பிறகு கிடைத்தது 22,000 பிக்சல் நீளம், 4,900 உயரம். ஆறடிக்கு நீட்டினாலும் அங்குலத்துக்கு 300க்கு மேல்.

நிறம்

இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். விடியல் என்றாலே கை தானாக சேச்சுரேஷன் (நிற அடர்த்தி) பக்கம் போகிறது. ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலை) பத்து ஃப்ரேமுக்கும் ஒரே எண்ணாக வைத்து, அதையும் வெதுவெதுப்பாக ஏற்றி, பாறையெல்லாம் ஆரஞ்சு, வானம் ஊதா, பனிகூடப் பொன்னிறம். எனக்கே பார்க்கப் பிரமிப்பாக இருந்தது. அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா அங்க இப்படி இல்லையே."

"எப்படிக்கா இருந்துச்சு?"

"பாறை மேல் விளிம்பு மட்டும்தான் சிவந்துச்சு. கீழ எல்லாம் சாம்பலாத்தான் இருந்துச்சு. வாழைத்தோப்புல பனி நீலமா இருந்துச்சே, உனக்கு ஞாபகம் இல்லையா? அதைப் பாத்துத்தான் எனக்குக் குளுரே அடிச்சுது."

ஞாபகம் இருந்தது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு நானும்தானே பார்த்தேன். சூரியன் நேரே படும் இடத்துக்குச் செம்பொன் ஒளி, நிழலில் இருப்பதற்கு வானத்தின் நீல ஒளி. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த விடியல். மொத்தப் படத்தையும் ஒரே அடியாகச் சூடேற்றியபோது நீலத்தைக் கொன்றுவிட்டேன். நீலம் போனதும் குளிர் போனது, குளிர் போனதும் சிவப்புக்கும் மதிப்பில்லாமல் போனது.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆரம்பத்திலிருந்து வந்தேன். ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்ச எண்ணில், அதற்கு மேல் ஏற்றவில்லை. வெயில் பட்ட பாறை விளிம்புகளை மட்டும் வெளிச்ச அளவை வைத்து மாஸ்க்காகப் பிரித்து, அங்கே மட்டும் சிவப்பைத் துளி கூட்டினேன். பள்ளத்தாக்கில் நிழலைத் தூக்கினேன், நிறத்தைத் தொடவில்லை. பனி தானாகவே நீலமாக வந்து நின்றது, அது ராவில் முதலிலிருந்தே இருந்ததுதான். மூடுபனியை விலக்கும் கருவியை அணைத்துவிட்டேன். பனியை எடுக்க அவ்வளவு தூரம் போய்விட்டு வீட்டில் உட்கார்ந்து அதை விலக்குவானேன்?

எடிட்டிங் என்றாலே பொய் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கேமரா தட்டையாகக் கொடுப்பதைக் கண் பார்த்தபடி மீட்டெடுக்க எடிட்டிங் வேண்டும். ஆனால் கூட வந்தவர் "அங்க இப்படி இல்லையே" என்று சொன்னால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அதே பயணத்தில் விட்டலர் கோயில் கல்தேரையும் எடுத்தேன். 50 ரூபாய்த் தாளின் பின்புறம் இருக்கிறதே, அந்தத் தேர். மதியம், நல்ல கூட்டம். ஒரே இடத்தில் நின்று இருபது படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை மதிப்பை எடுத்தால் நகர்கிற ஆட்கள் மறைந்துவிடுவார்கள். மறைந்தார்கள். வெட்டவெளியில் தேர் மட்டும் நின்றது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடினேன். அன்றைக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடமே வந்திருந்தது, பிள்ளைகள் தேர்ச்சக்கரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருக்கும் ஒற்றைப் படத்தைத்தான் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

பிரிண்ட்

முதல் பிரிண்ட் இருண்டு வந்தது. பள்ளத்தாக்கு சேறு மாதிரி, வாழைத்தோட்டம் எங்கே, ஆறு எங்கே என்றே தெரியவில்லை. லேபில் எந்தத் தப்பும் இல்லை. நான் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, லேப்டாப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்திருக்கிறேன். பளபளக்கும் திரைக்குச் சரியாக இருந்த இருட்டு, தாளுக்கு வந்ததும் கரியாகிவிட்டது. தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அறையில் விழுவதைத்தான் திருப்பித் தரும்.

நண்பரிடம் திரையை அளந்து சரிசெய்யும் கேலிப்ரேட்டர் இரவல் வாங்கித் திரையைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டலா என்ற அளவுக்கு இறக்கினேன். முழு வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் மங்கல்தான், இரண்டு நாளில் கண் பழகிவிட்டது. லேபில் அவர்கள் மேட் தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி, அதைப் போட்டு சாஃப்ட் ப்ரூஃபில், அதாவது பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முறையில் பார்த்தேன். மேட் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது என்பது திரையிலேயே தெரிந்தது. சரி, இனி ஆறடியை நேரே போட்டுக் காசை விடக் கூடாது என்று, படத்தின் இருண்ட பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மூன்று வெவ்வேறு வெளிச்சத்தில் ஒரே 8×10 தாளில் அடுத்தடுத்து வைத்துப் போட்டேன். அந்தத் தாளை ஓசூருக்கு எடுத்துப்போய், அக்கா வீட்டு ஹாலில், அந்தச் சுவரில், சாயங்காலம் அவர்கள் போடும் அதே விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். மாமா நடுவில் இருந்ததைக் காட்டினார், அக்காவும் அதையே. அந்த அளவில் ஆறடி போட்டோம். பளபளப்பு இல்லாத மேட், 16 அங்குல உயரம், மெல்லிய கறுப்புச் சட்டம்.

மாட்டிய அன்று அக்கா ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மூக்கு படாத குறையாக நடந்து பார்த்தாள். நடுவில் நின்றாள். அச்சுதராயர் கோயிலிலிருந்து ஆற்றுக்குப் போகும் தெருவில், வெளிறிய மண்ணின்மேல் எள் அளவு கறுப்பு.

"இது என்னடா, தூசிய விட்டுட்டியா?"

எனக்கும் அந்தப் புள்ளியைத் தெரியும். புள்ளிகளை நீக்கிக்கொண்டிருந்தபோது அதன்மேலும் ஒரு வட்டம் போட்டுவிட்டேன். அழிப்பதற்கு முன் பக்கத்து ஃப்ரேமைப் பார்த்தேன். தூசியாக இருந்தால் ஃப்ரேமில் அதே இடத்தில் இருக்க வேண்டும். இது தெருவோடு சேர்ந்து நகர்ந்திருந்தது. பெரிதாக்கினால் ஓரம் மங்கவில்லை, தலை, உடம்பு.

"ஆளுக்கா. ஆத்துக்குப் போறாரு."

அக்கா கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள். மாமா செல்போன் டார்ச்சை அடித்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தோளில் ஏதோ இருக்கிறது, துண்டு என்று மாமா சொன்னார், வலை என்றாள் அக்கா.

"நாம மேல உக்காந்திருந்தப்ப கீழ இவரு நடந்துட்டிருந்திருக்காரு பாரு" என்றாள். டார்ச்சை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் காட்டச் சொன்னாள்.